1000-இல் ஒன்று என்கிறார்கள்: காணிக் காசைக் காரில் போடலாமா?

லொறிக்காரத் தம்பி (தலவாக்கலை) | ஞாயிறு, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு லொறி வைத்திருக்கிறேன். மரக்கறி ஏற்றிக்கொண்டு தம்புள்ளைக்கும் கொழும்புக்கும் போவதுதான் பிழைப்பு. இவ்வளவு நாளும் இங்கே வாசித்ததோடு சரி, எழுதியதில்லை.

விஷயம் இதுதான். பண்டாரவளைப் பக்கம் 12 பேர்ச் காணி ஒன்றுக்காகக் காசு சேர்த்து வைத்திருந்தோம். போன வாரம் கண்டியில் லோட் இறக்கின இடத்தில் ஒருவர் தன் சுபாரு இம்ப்ரெசாவைக் காட்டினார். நீல நிறம். பின்னால் 'பி1' என்று பேட்ஜ். மொத்தமே 1000 கார்தான் செய்தார்களாம், இங்கிலாந்துக்கு மட்டும் விட்டதாம், இன்னும் பத்து வருடத்தில் காணி விலையைப் போல மூன்று மடங்கு போகுமாம். கேட்கிற விலை கிட்டத்தட்ட அந்தக் காணியின் விலை.

டொரண்டோவில் இருக்கிற சின்னம்மா மகனிடம் கேட்டேன். அவனே ஒரு மஞ்சள் சிவிக் டைப் ஆர் லிமிடட் எடிஷனை, "கனடாவுக்கு வந்ததே 100 தான்" என்று கவர் போட்டு மூடி வைத்திருக்கிறான். "யோசிக்காமல் வாங்கு" என்றான். வீட்டில் இன்னும் வாய் திறக்கவில்லை.

எண்ணிக்கையைக் குறைத்துச் செய்த வேகமான கார்கள் உண்மையிலேயே விலை நிற்குமா? பின்பக்கப் படம் ஒன்று போட்டிருக்கிறேன், பாருங்கள்.


ஆர்34 ரசிகன் (பேராதனை) | ஞாயிறு, இரவு 10.05

அண்ணே, பி1 என்றால் விளையாட்டு இல்லை. இங்கிலாந்தில் சுபாருவின் ரேலி கார்களைச் செய்த புரோடிரைவ் கம்பனி 2000-இல் கொண்டுவந்தது. அண்ணன் முறையில் இதற்கு 22பி இருக்கிறது. 1998-இல் ஜப்பானில் 400 விட்டார்கள், உடனே தீர்ந்துபோனது. இன்றைக்கு அதன் விலையைக் கேட்டால் தலை சுற்றும்.

நிசான் ஸ்கைலைன் ஜிடி-ஆர் ஆர்34-ஐயும் பாருங்கள். அமெரிக்காவில் 25 வருடம் தாண்டினால்தான் இப்படிப்பட்ட காரை உள்ளே விடுவார்கள். அந்த வயதை நெருங்க நெருங்க விலை ஏறிக்கொண்டே போனது. பெற்றோல் மணம் வீசுகிற கார்களின் கடைசிக் காலம் இது. என்னிடம் காசு இருந்தால் இன்று இரவே கண்டிக்கு பஸ் ஏறியிருப்பேன்.


ஹெரோவில் ஒரு ஹட்டன்காரன் | திங்கள், அதிகாலை 2.15

தம்பிமார் இருவரும் கொஞ்சம் மூச்சு விடுங்கள். நான் இங்கே லண்டனில் கார் விற்கிற இடத்தில் பதினெட்டு வருடமாக இருக்கிறேன். லிமிடட் என்ற சொல்லை நம்பிக் கையைச் சுட்டுக்கொண்டவர்களின் கதை இங்கே நிறைய உண்டு.

பெரிய கதை ஜாகுவார் எக்ஸ்ஜே220. 1988-இல் பர்மிங்ஹாம் கண்காட்சியில் காட்டியபோது வி12 எஞ்சின், நாலு சில்லுக்கும் இழுவை என்றார்கள். 50,000 பவுண் முற்பணம் கொடுத்து வரிசையில் நின்றார்கள். பல பேர் காரை ஓட்டுவதற்காக அல்ல, வரிசையில் பிடித்த இடத்தை விற்பதற்காக நின்றவர்கள். 1992-இல் கார் வந்தபோது வி12 இல்லை, வி6 டர்போ. நாலு சில்லு இழுவையும் இல்லை. விலை 4 லட்சம் பவுணைத் தாண்டியிருந்தது. அதற்குள் பொருளாதாரமும் படுத்துவிட்டது. முற்பணம் கொடுத்தவர்கள் எப்படிக் கழன்றுகொள்ளலாம் என்று வக்கீல் தேடி அலைந்தார்கள். மொத்தம் செய்தது 300 கூட இல்லை. அதையே விற்க முடியாமல் கம்பனி வருடக்கணக்கில் வைத்திருந்தது. இன்றைக்கு விலை ஏறித்தான் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் இடையில் இருபது வருடத்துக்கு மேல் போய்விட்டதே. உங்கள் பிள்ளைக்குப் பள்ளிக்கூடப் பணம் கட்ட இருபது வருடம் பொறுப்பார்களா?

அண்மைக் கதை ஒன்று. 2016-இல் போர்ஷே 911 ஆர் வந்தது. மொத்தம் 991 கார். கையால் கியர் போடுகிற கார். அப்போதிருந்த 911 ஜிடி3-இல் அந்த வசதி கிடையாது, அதனால் பட்டியல் விலையைப் போலப் பல மடங்கு கேட்டார்கள். அடுத்த வருடமே போர்ஷே ஜிடி3-க்கும் கை கியரைக் கொடுத்தது, அப்புறம் டூரிங் என்று பின்னால் இறக்கை இல்லாத ஜிடி3-உம் வந்தது. 911 ஆர் விலை கீழே இறங்கியது. லிமிடட் என்று சொன்ன அதே கம்பனிதான் அதைப்போல இன்னொன்றைச் செய்தது. அதைத் தடுக்க யாராலும் முடியாது.


ஆர்34 ரசிகன் | திங்கள், காலை 7.30

மக்லாரன் எஃப்1-ஐ ஏன் விட்டுவிட்டீர்கள் அண்ணே? அதுவும் அதே தொண்ணூறுகள்தான். மொத்தம் 106. 2021-இல் ஒன்று 2 கோடி டொலருக்கு மேல் ஏலம் போனது.


ஹெரோவில் ஒரு ஹட்டன்காரன் | திங்கள், காலை 8.50

நல்ல கேள்வி. எஃப்1-உம் புதிதாக வந்தபோது எதிர்பார்த்த அளவு விற்கவில்லை, 300 செய்ய நினைத்தவர்கள் 106-உடன் நிறுத்தினார்கள். எண்ணிக்கை குறைந்தது திட்டம் போட்டு அல்ல, வாங்க ஆள் இல்லாததால். பிறகு 1995-இல் லு மான் 24 மணி நேரப் போட்டியை வென்றது, அதைவிட வேகமான சாலைக் கார் பல வருடம் வரவில்லை, பெயர் நின்றுவிட்டது. தலைகீழ் உதாரணம் ஃபெராரி எஃப்40. 400 செய்வோம் என்று தொடங்கி 1300-க்கு மேல் செய்தார்கள். அப்படியும் விலை போகிறது.

அதனால்தான் சொல்கிறேன், பேட்ஜில் இருக்கிற எண்ணைப் பார்த்து விலை சொல்ல முடியாது.


ஆர்34 ரசிகன் | திங்கள், காலை 9.10

ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. விற்பனைக்காக ஒட்டிய எண் வேறு, போட்டி விதிக்காகச் செய்த எண் வேறு. குரூப் ஏ என்ற கார்ப் பந்தய விதி இருந்த காலத்தில் போட்டியில் ஓட்ட வேண்டும் என்றால் அதே காரை 5000 செய்திருக்க வேண்டும், மேம்படுத்திய வடிவம் என்றால் 500. ஃபோர்ட் சியரா ஆர்எஸ்500 அப்படித்தான் பிறந்தது. மெர்சிடிஸ் 190இ எவோ 2-உம் அப்படித்தான், 502 கார். பின்னால் அந்தப் பெரிய இறக்கையை அழகுக்காக யாரும் வைக்கவில்லை. மறுபக்கம், எண்பதுகளில் மினிக்கு ரிட்ஸ், செல்சி, பிக்கடிலி, பார்க் லேன் என்று லண்டன் இடப் பெயரெல்லாம் வைத்து எடிஷன் விட்டார்கள். எஞ்சின் அதேதான், சீட் துணியும் ஸ்டிக்கரும்தான் வேறு.


பழைய டீமேக்கர் (நானுஓயா) | திங்கள், மாலை 5.20

பிள்ளைகளின் பேச்சை வாசித்தேன். நான் தேயிலை ஸ்டோரில் 34 வருடம் இருந்தவன், கார் வாங்கி விற்றவன் இல்லை. ஆனாலும் மஹகஸ்தொட்ட ஹில் கிளைம்ப் என்ற மலையேறும் கார்ப் பந்தயத்தைச் சின்ன வயதிலிருந்து பார்த்து வருகிறேன். 1934-இல் தொடங்கிய போட்டி அது. ஏப்ரல் சீசனில் நுவரெலியா முழுக்க எண்ணெய் மணக்கும். மதிலில் ஏறி உட்கார்ந்து, வளைவுக்கு அப்பால் சத்தத்தை மட்டும் வைத்து என்ன கார் வருகிறது என்று பந்தயம் கட்டுவோம். மினியின் சத்தம் குளவிக்கூட்டைக் கலைத்த மாதிரி இருக்கும். பிந்திய காலத்தில் லான்சர் எவோவும் இம்ப்ரெசாவும் வந்தன. இம்ப்ரெசா கூட்டத்துக்கு முன்னால் போனால் நெஞ்சுக்குள் டக டக என்று அடிக்கும்.

லிமிடட் என்று நீங்கள் பேசுவதைக் கேட்டதும் மொரிஸ் மைனர் நினைவு வந்தது. நம் தோட்டத்துப் பெரியதுரையிடம் இருந்தது, டொக்டர் ஐயாவிடம் இருந்தது, கண்டாக்கையாவிடமும் ஒன்று இருந்தது. பிரித்தானியாவில் பத்து லட்சம் விற்ற முதல் கார் அதுதான். அதைக் கொண்டாட 350 கார் மட்டும் வெளிர் ஊதா நிறத்தில், வெள்ளை சீட்டோடு செய்தார்கள். 'மைனர் 1,000,000' என்று பேட்ஜ். கத்தரிப்பூ நிறத்தில் ஒரு மைனர், நினைத்துப் பாருங்கள். அந்தக் காலத்தில் சிரித்திருப்பார்கள். இன்று அங்கே அதைத் தேடித் திரிகிறார்கள். ஆனால் இங்கே மைனர் இன்றைக்கும் ரோட்டில் ஓடுகிறதே, அது நிறத்தால் அல்ல. கொழும்பு பஞ்சிகாவத்தையில் சாமான் கிடைக்கிறது, மெக்கானிக் பாஸ்மாருக்குக் கண்ணை மூடிக்கொண்டு கழற்றிப் பூட்டத் தெரியும், அதனால் ஓடுகிறது.


கணக்கன் (கண்டி) | திங்கள், இரவு 8.00

நான் லீசிங் கம்பனியில் வேலை செய்கிறேன், அதனால் கொஞ்சம் கசப்பாகச் சொல்வேன்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் கார் திரும்ப வரத் தொடங்கியது 2025 பெப்ரவரியில். இடையில் 2022-இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360-க்குத் தாவியது. நான் 2017-இல் வாங்கிய ஆல்டோவை ஐந்து வருடம் ஓட்டிவிட்டு, வாங்கிய விலைக்கு மேல் விற்றேன். ஒரு பக்கத்துக் கதவு சரியாகப் பூட்டாது, ஏசி வேலை செய்யாது. அப்படியென்றால் ஆல்டோ கிளாசிக்கா? டொலரில் போட்டுப் பார்த்தால் எனக்கு நட்டம். கார் ஏறவில்லை, ரூபாய் இறங்கியது.

இன்னொன்று. இங்கே காரின் விலையில் பெரும்பகுதி வரி. அரசாங்கம் ஒரு வர்த்தமானி அடித்தால் ஒரே இரவில் பழைய கார் விலையெல்லாம் ஆடும். ஆர்34-க்கு அமெரிக்காவில் விலை ஏறியது என்றால், ஜப்பானில் இருக்கும் காரை அவர்கள் கப்பலில் ஏற்றிக்கொண்டு போக முடிவதால். உங்கள் இம்ப்ரெசாவை வாங்க ஒரு அமெரிக்கக்காரன் கண்டிக்கு வரப்போவதில்லை. இந்த நாட்டில் அதற்குக் காசு கொடுக்கக்கூடியவர்கள் ஒரு வான் கொள்கிற ஆட்கள்தான் இருப்பார்கள். அவர்களில் ஒருவருக்குக் காசு தேவைப்படுகிற நேரத்தில் மற்றவர்களுக்கும் தேவைப்படும். 2022-இல் அதைத்தான் பார்த்தேன்.

டொரண்டோத் தம்பியின் மஞ்சள் சிவிக்கும் இங்கே வராது. இடது பக்க ஸ்டியரிங், வயதும் மூன்று வருடம் தாண்டிவிட்டது. அது அங்கேயே கவருக்குள் தூங்கட்டும்.


பண்டாரவளை மிஸ் | திங்கள், இரவு 8.45

தம்பி, வீட்டில் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அதிலேயே பாதி விடை இருக்கிறது. காணிக்கு எஞ்சின் ஒயில் மாற்ற வேண்டாம். இன்சூரன்ஸ், வருடாந்த வரி அனுமதிப் பத்திரம், கராஜ் எல்லாவற்றையும் பத்து வருடத்துக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தீர்களா?

அதற்காகக் காணி என்றாலும் கண்ணை மூடிக்கொண்டு வாங்காதீர்கள். நம் பக்கத்தில் வீடு கட்ட வேண்டும் என்றால் மண்சரிவு இல்லை என்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை வேண்டும். அதைக் கேட்டதும் பேச்சை மாற்றிய புரோக்கர்கள் எனக்குத் தெரியும். காணி உறுதிப் பத்திரத்தை வாங்கி வாசியுங்கள்.


பதுளை பாஸ் | செவ்வாய், காலை 6.10

கேட்டால் மட்டும் சொல்கிறவன் நான். இம்முறை கேட்காமலே சொல்கிறேன்.

நுவரெலியாவில் ஒருவர் ஜப்பான் கார் ஒன்றை, பெயர் வேண்டாம், 'வைத்தால் ஏறும்' என்று தகரக் கூரைக்குக் கீழே நிறுத்திவிட்டு வெளிநாடு போனார். மூன்று வருடம். திரும்பி வந்து என்னைக் கூப்பிட்டார். கவரைத் தூக்கினேன். மேலே பார்க்க பொன்னாட்டம் இருந்தது. கதவைத் திறந்ததும் பாத்ரூம் கால்மிதி மணம். சீட் பெல்ட்டை இழுத்தால் வெள்ளைப் பூஞ்சை தூளாகக் கொட்டியது. இரவு முழுக்கப் பனி தகரத்தில் தங்கி விடியற்காலையில் ஒரே இடத்தில் சொட்டியிருக்கிறது. அந்த இடத்தில் கவர் நனைந்து பொனட்டோடு ஒட்டிப்போய், உரித்தபோது பெயின்டும் சேர்ந்து வந்தது. பிரேக் டிஸ்க்கும் பேடும் ஒன்றாகத் துருப்பிடித்து, கார் நகரவில்லை. ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்தால் எலிக்குடும்பம். வயர் எல்லாம் கடித்து வைத்திருந்தது. டயர் நாலும் கீழ்ப்பக்கம் தட்டை.

ஓட்டாமல் வைத்தால்தான் விலை என்கிறார்கள். அது ஏசி போட்ட கொட்டகைக்காரனுக்கு. நம் குளிருக்கும் ஈரத்துக்கும் வாரம் ஒருமுறையாவது எஞ்சின் சூடேறுகிற அளவுக்கு ஓட்ட வேண்டும்.

சரி, தம்பி, பின்பக்கப் படம் மட்டும் போட்டிருக்கிறீர்கள். பக்கவாட்டுப் படம் ஒன்று போடுங்கள். பின் சில்லுக்கு மேலே உள்ள வளைவை நான் பார்க்க வேண்டும். அந்தக் கால இம்ப்ரெசா அங்கேதான் துருப்பிடிக்கும்.


லொறிக்காரத் தம்பி | செவ்வாய், பகல் 1.30

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. பாஸ் அண்ணே, இதோ பக்கவாட்டுப் படம். பின் வளைவில் பெயின்ட் கொஞ்சம் குமிழ் விட்டிருக்கிறது, ஆனால் சின்னதுதான்.


ஆர்34 ரசிகன் | செவ்வாய், பகல் 1.34

அண்ணே.

இது நாலு கதவுக் கார்.


லொறிக்காரத் தம்பி | செவ்வாய், பகல் 1.40

ஆமாம், நாலு கதவுதான். பிள்ளைகள் ஏற வசதியாக இருக்கும் என்று நினைத்தேன். ஏன்?


ஹெரோவில் ஒரு ஹட்டன்காரன் | செவ்வாய், பகல் 1.52

பி1 இரண்டு கதவு மட்டும்தான் தம்பி. ஆயிரமும் இரண்டு கதவு. 22பி-யும் அப்படித்தான். நாலு கதவில் பி1 என்று ஒன்று பிறக்கவே இல்லை. உங்களுக்குக் காட்டியது சாதாரண இம்ப்ரெசா டபிள்யூஆர்எக்ஸ் ஒன்றாக இருக்க வேண்டும், பேட்ஜ் பிறகு ஒட்டியது. அந்த பேட்ஜ் இங்கே இணையத்தில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கிறது.


கணக்கன் (கண்டி) | செவ்வாய், பகல் 2.05

காரின் பதிவுப் புத்தகத்தைப் பாருங்கள். செசி நம்பர், எஞ்சின் நம்பர் இரண்டும் காரில் உள்ளதோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட வேண்டும். எஞ்சின் மாற்றியிருந்தால் புத்தகத்தில் பதிந்திருக்க வேண்டும். பதியவில்லை என்றால் நாளைக்கு விற்கப் போகும்போது தலைவலி உங்களுக்கு.


பண்டாரவளை மிஸ் | செவ்வாய், பகல் 2.20

கதவை எண்ணத் தெரிந்திருந்தாலே போதும் போலிருக்கிறது.


பழைய டீமேக்கர் (நானுஓயா) | செவ்வாய், மாலை 4.00

மிஸ், தம்பியைக் கேலி செய்ய வேண்டாம். ஸ்டோரில் நானும் ஒரு தடவை பெட்டியில் ஒட்டிய கிரேட் பெயரைப் பார்த்துத் தேயிலை வாங்கி ஏமாந்தவன், அதுவும் என் சொந்தத் தொழிலில். நாக்கில் வைத்திருந்தால் அங்கேயே தெரிந்திருக்கும்.


லொறிக்காரத் தம்பி | புதன், இரவு 9.15

இன்று கண்டிக்கு லோட் இருந்தது, திரும்பும் வழியில் அவரிடம் போனேன். கதவு விஷயத்தைச் சொன்னேன். முதலில், "நாட்டுக்குள் இறக்கும்போதே அப்படித்தான் வந்தது" என்றார். நான் சும்மா நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து, அவரும் இன்னொருவரிடமிருந்து பி1 என்ற நம்பிக்கையில்தான் வாங்கினாராம். பேட்ஜின் ஒரு மூலை கிளம்பியிருந்தது, நகத்தால் தூக்கிக் காட்டினார். அடியில் நீலம் இல்லை, வெள்ளை. கார் முழுக்கவே பெயின்ட் மாற்றியது. அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது, பொய் சொன்னார் என்று தோன்றவில்லை.

பிறகு ஓட்டிப் பார்க்கச் சொன்னார். கடுகண்ணாவைப் பக்கம் ஏறி இறங்கினேன். அண்ணே, பதினைந்து வருடமாக லொறி ஓட்டுகிறவன் நான். மூன்றாவது கியரில் டர்போ பிடித்ததும் டீமேக்கர் ஐயா சொன்ன டக டக நெஞ்சுக்குள் வந்தது. இறங்கும்போது கை நடுங்கியது.

இப்போது அவர் கேட்பது முதலில் சொன்னதில் பாதிக்கும் குறைவு. சாதாரண டபிள்யூஆர்எக்ஸ் விலை என்கிறார். அந்த விலைக்கு வாங்கினால் காணிக்கு முற்பணம் கட்டவும் காசு மிஞ்சும். ஏறும் என்று நினைத்து அல்ல, ஏப்ரலில் ஒரு முறை மஹகஸ்தொட்டைக்கு வேடிக்கை பார்க்க இதில் போக வேண்டும் போலிருக்கிறது. வீட்டில் சொல்லிவிட்டேன். "உனக்குப் பைத்தியம்" என்றாள், ஆனால் என்ன கலர் என்று கேட்டாள்.


ஆர்34 ரசிகன் | புதன், இரவு 9.20

வெள்ளைக்கே மாற்றிவிடுங்கள் அண்ணே. பிறந்த நிறம்.


பண்டாரவளை மிஸ் | புதன், இரவு 9.48

முற்பணம் கட்டுவதற்கு முன் அறிக்கை. மறக்க வேண்டாம்.


பதுளை பாஸ் | வியாழன், காலை 5.55

பின் வளைவில் குமிழ் சின்னது என்றீர்கள். வெளியே சின்னதாக இருந்தால் உள்ளே பெரிதாக இருக்கும், டிங்கர் வேலைக்குத் தனியாகக் காசு ஒதுக்குங்கள்.

அந்த எஞ்சினில் நான் பயப்படுவது கிராங்கின் பேரிங்.  அது தேய்ந்திருந்தால் வரும் தட்டல் சத்தத்தை, குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்கிற முதல் பத்து வினாடியிலும் நான் கேட்டுப் பார்க்க வேண்டும்.

வருகிற போயா விடுமுறைக்கு எனக்கு வேலை இல்லை, கண்டிக்கு வந்து பார்க்கிறேன். பஸ் காசும் பகல் சாப்பாடும் உங்களுடையது. அவரிடம் ஒன்றை மட்டும் இப்போதே சொல்லி வையுங்கள்: நான் வந்து பொனட்டில் கை வைத்துப் பார்க்கும் வரை சாவியைத் தொடக் கூடாது. பொனட் இளஞ்சூடாக இருந்தால் அப்படியே பஸ் ஏறிவிடுவேன்.